முன் சீட்டில் இருந்தவள்

அழகமுத்துவுக்குச் செய்தி வந்தபோது அவன் ஒரு வேனின் பின் சீட்டைக் கழற்றிக் கடைக்குள்ளே போட்டு, மக்கிப்போன தேங்காய்த் தும்பைப் பிய்த்தெடுத்துக்கொண்டிருந்தான். எண்பதாம் ஆண்டு ஐப்பசி. மழை காலையிலிருந்து விடவில்லை. கண்டி கட்டுக்கலையில், பேராதனை வீதியைப் பார்த்தபடி இருந்த சின்னக் கடை அது. வாகனங்களுக்கு சீட் தைப்பதும் உறை போடுவதும்தான் தொழில். குஷன் கடை என்று கேட்டால் கோயிலடியில் எவரும் கை காட்டிவிடுவார்கள்.

தொப்பியில் நீர் சொட்ட வந்து நின்ற பொலிஸ்காரர் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். பிலிமத்தலாவைக்கு அந்தப் பக்கத்து வளைவில் ஒரு கார் மாரா மரத்தில் மோதிவிட்டது. அதில் இருந்த அவன் மனைவி இராஜகுமாரி டீச்சரைக் கண்டிப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

உயிர் இருக்கிறதா என்று அழகமுத்து கேட்கவில்லை. யாருடைய கார் என்றுதான் கேட்டான். வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். நீலக் கார், ஓட்டியவர் ஒரு பள்ளிக்கூடத்து அதிபர் என்று பொலிஸ்காரர் சொன்னதும், கையிலிருந்த தும்புக் கற்றையை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். உயிருக்கு ஆபத்தில்லை என்பதைப் பொலிஸ்காரர் தானாகவே சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நீலக் காரை அவனுக்குத் தெரியும். அதற்கு உறை தைத்தவனே அவன்தான்.

இராஜகுமாரி நாவலப்பிட்டியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவாள். பயிற்சிக் கல்லூரிக்குப் போய் வந்தவள். அழகமுத்து எட்டாம் வகுப்போடு ஊசியைக் கையில் எடுத்தவன். கல்யாணமான புதிதில் அந்த வித்தியாசம் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "எங்க வீட்டுல டீச்சர்" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொள்வான். குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள்.

தியாகராஜா அதிபராக வந்த பிறகு அந்தப் பெருமை புளிக்கத் தொடங்கியது. அவர் சாவகச்சேரிக்காரர். மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு கண்டியில் அறை எடுத்துத் தங்கி, காரில் நாவலப்பிட்டிக்குப் போய் வந்தார். இராஜகுமாரியின் பேச்சில் 'சேர்' என்று அவர் வந்து புகுந்துகொண்டார். சேர் நூலகத்துக்கு அலுமாரி வாங்கினார், சேர் பிள்ளைகளை நாடகம் போட வைத்தார். ஒருநாள் இராச்சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றவா என்று அவன் கேட்டதற்கு, ஏதோ யோசனையில் "ஓம்" என்றாள். அவள் பிறந்த வீட்டில் யாரும் ஓம் சொல்வதில்லை, ஆமா என்பார்கள். ஓம் என்பது சேரின் ஊர்ப் பேச்சு. அழகமுத்து அதற்குமேல் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றான்.

காரில் வரச் சொல்லி சேர் கூப்பிட்டிருக்கிறார் என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அழகமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பாயை உதறிப் போட்டுப் படுத்தான். அந்த முகத்தை மறுபடி பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ரயிலிலேயே போய்வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைக் கண்டபோது நெற்றியில் பெரிய கட்டு, வலது முழங்காலிலிருந்து கீழே சாந்துக் கட்டு. உதடு வீங்கியிருந்தது. ஈரச் சட்டையோடு கட்டில் ஓரத்தில் நின்றான். அவளாகத்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"சொல்லாம போனது பிழைதாங்க."

அன்று காலை, பரீட்சைத் தாள் திருத்த இருக்கிறது, வர நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். உண்மையில் கூடப் படிப்பிக்கும் ஹிதாயா டீச்சரின் உம்மா மாவனல்லையில் முதல்நாள் மௌத்தாகியிருந்தார், துக்கம் கேட்கப் போக வேண்டியிருந்தது. சேர் காரை எடுத்தார். கடுகண்ணாவையில் வீடு இருக்கும் வீரய்யா மாஸ்டர் முன்னால் ஏறினார், இவள் பின்னால் ஏறினாள். திரும்பி வரும்போது கடுகண்ணாவையில் மாஸ்டர் இறங்கிக்கொண்டார். இவள் முன் சீட்டுக்கு மாறினாள். பிறகு அந்த வளைவில், மரம் ஏற்றிய லொறி ஒன்று தன் பக்கத்தை விட்டு வந்தது.

சொல்லாமல் போனதைக்கூட அழகமுத்து விட்டுவிடுவான் போலிருந்தது. ஒன்றை மட்டும் அவனால் விட முடியவில்லை.

"மாஸ்டர் எறங்குனா எறங்கட்டும். நீ ஏன் முன்னுக்குப் போயி உக்காந்த?"

"அதிபர் முன்னுக்கு ஓட்டுறாரு. நான் பின்னுக்கு பெரிய எடத்து நோனா மாதிரி சாஞ்சுக்கிட்டு வரவா? அவர என்ன டிரைவர்னா நெனைக்கிறது?"

அது நியாயமான பதில். அழகமுத்துவுக்கும் அது தெரிந்தது. ஆனால் நியாயமான பதிலால் தீர்கிற கேள்வி இல்லை அது.

அடுத்த நோயாளர் விடுதியில்தான் தியாகராஜா கிடந்தார். இடது கை இரண்டு எலும்பும் முறிந்து, நெஞ்சில் ஸ்டியரிங் இடித்த அடியோடு. அழகமுத்து தினம் அந்த வாசலைத் தாண்டித்தான் போனான். ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவளுக்கு எல்லாம் அவனே செய்தான். கடையின் பின்னால் இரண்டு அறை, ஒரு குசினி. விடிந்ததும் தேத்தண்ணி ஊற்றி, ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் இடித்து வைப்பான். ஈரப்பலாக்காய் அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுப்பான். கதிரையில் உட்காரவைத்து, காலைப் பலகையில் தூக்கி வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி விடுவான். கோணி ஊசி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அவள் கூந்தலுக்குள் பதமாகத்தான் போயின. ஆனால் சீயக்காய் நுரையை அலசுகிற அந்த நேரத்திலேயே கேள்வியும் வரும். முன்னுக்குப் போய் உட்காரச் சொன்னது அவரா, நீயாகப் போனாயா? உட்கார்ந்த பிறகு என்ன பேசினீர்கள்? லொறி வரும்போது அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாரா?

முதலில் அவள் பதில் சொன்னாள். பிறகு சொன்னதையே சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒருநாள் அப்படித் தண்ணீர் ஊற்றும்போது அவள் கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் மேற்பக்கத்தில், குறுக்காக ஒரு கன்றலைப் பார்த்தான். ஒரு முழங்கை அகலம். நீலம் மாறி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இது எப்படி வந்தது என்று கேட்டான். தெரியாது என்றாள். அந்தத் தெரியாது அவன் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்படியிருக்கும்போதுதான் லாபிர் வந்தார். பேராதனையில் பொறியியல் படிப்பிக்கிற இளம் விரிவுரையாளர், அக்குறணைக்காரர். கூடவே குனிந்து நுழைய வேண்டிய உயரத்தில் ஒரு வெள்ளைக்காரர். அந்த நீலக் காரைச் செய்த ஐரோப்பியக் கம்பனியிலிருந்து ஒரு சின்னக் குழு வந்து பல்கலைக்கழகத்தில் தங்கியிருந்தது. மலைப்பாதைகளில் தங்கள் கார் எங்கே மோதினாலும் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை.

அழகமுத்து இருவருக்கும் கதிரை போட்டான். கம்பனி தன் மேல் பிழை இல்லை என்று காட்ட ஆள் அனுப்பியிருக்கிறது என்று நினைத்தான். யார் மேல் பிழை என்று முடிவு செய்யப்போகிறீர்கள் என்று நேராகவே கேட்டான். அந்த முடிவு அவனுக்கு வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டது.

லாபிர் தலையை ஆட்டினார். "இவங்க அதுக்கு வரல்ல அண்ணே. பிழை ஆர்டன்னு பாக்கிறது பொலிஸ் வேல. இவங்க பாக்கிறது, ஆக்களுக்குக் காயம் எதால வந்திச்சின்னு மட்டும்தான். கார்ல எந்தச் சாமான் அந்தக் காலை முறிச்சிச்சி, எது நெத்தியை வெட்டிச்சி. அது தெரிஞ்சாத்தான் அடுத்த கார்ல அதை மாத்தலாம்."

வெள்ளைக்காரர் இராஜகுமாரியிடம் மரியாதையாகக் கேட்டார், லாபிர் தமிழாக்கினார். சீட் முன்னால் தள்ளியிருந்ததா, பின்னாலா? கால் இரண்டும் எங்கே இருந்தன? முதுகு சாய்ந்திருந்ததா? தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? அழகமுத்து கேட்டுக் கேட்டு ஓய்ந்த கேள்விகள்தான் அவை. ஆனால் இந்த ஆள் கேட்டபோது அவள் ஒளிக்காமல், யோசித்து யோசித்துச் சொன்னாள். அதுவும் அவனைச் சுட்டது. தலை கொஞ்சம் வலது பக்கம், சேர் பக்கம் திரும்பியிருந்தது என்றாள். வெள்ளைக்காரர் தலையசைத்தார். அவருக்கு அது கழுத்து எலும்புக் கணக்கு. அழகமுத்துவுக்கு அப்படியில்லை.

காரைப் பார்க்க வருகிறீர்களா என்று லாபிர் ஒரு மரியாதைக்குக் கேட்டார். அழகமுத்து உடனே சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

பிலிமத்தலாவையில் ஒரு கராஜின் பின் வளவில் அந்தக் கார் நின்றது. தூறல் விட்டு விட்டுப் பெய்தது. பக்கத்து வளவில் யாரோ கிராம்பு உலர்த்தப் போட்டு மழைக்கு அள்ளிக்கொண்டிருந்தார்கள், அந்த வாசம் பெட்ரோல் வாடையோடு கலந்து வந்தது. காரின் முன்பக்கம் மரத்தின் உருண்டையை அப்படியே வாங்கிக் குழிந்திருந்தது. குழுவில் இன்னும் இருவர் கம்புகளை நட்டு, நூல் பிடித்து, குழியின் ஆழத்தை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டிருந்தார்கள். முன் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி ஒரு வெடிப்பு. அதில் நீளமான முடி இரண்டு ஒட்டியிருந்தது. அழகமுத்து அதைத் தொடப் போனான். லாபிர் மெல்ல அவன் கையைப் பிடித்து விலக்கினார்.

டாஷ்போர்டின் அடிப்பக்கம் ஒரு பள்ளம். உள்ளே கம்பி தாங்கியிருந்த இரும்புத் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. முழங்காலை நொறுக்கியது அதுதான். வெள்ளைக்காரர் மண்டியிட்டு அதைப் படம் எடுத்தார், பிறகு விரலால் தடவிப் பார்த்தார். தன் மனைவியின் முழங்கால் இனி ஏதோ ஒரு தூர தேசத்தில், முகம் தெரியாத ஆண்கள் குனிந்து நிற்கும் மேசையில் படமாகக் கிடக்கப் போகிறது என்று அழகமுத்துவுக்குத் தோன்றியது. அதற்கும் அவனுக்கு எரிந்தது. எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

பிறகு அவர்கள் சீட்டுக்கு வந்தார்கள். கதவுத் தூணில் பாதுகாப்புப் பெல்ட் சுருண்டு தொங்கியது. அதை மாட்டுகிற பூட்டைக் காணவில்லை. வெள்ளைக்காரர் சீட் உறையை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். உள்ளே கட்டியாக ஏதோ இருந்தது. சின்னக் கத்தியால் தையலை அறுத்துத் தூக்கினார். பூட்டு சீட்டோடு மடிந்து, ரெக்சினுக்குக் கீழே அசையாமல் கிடந்தது. மறுபக்க சீட்டிலும் அப்படியே.

இரட்டைத் தையல், ஓரத்தில் வெள்ளை நூல். தன் கை வேலையைப் பார்க்க அவனுக்குக் கண்ணாடி தேவையில்லை.

அந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூட விடுமுறை. தியாகராஜா காரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு நின்றார். பூட்டுகளுக்கு உறையில் வழி வெட்டி விடுங்கோ என்று அவர்தான் கேட்டார். அந்த நேரம் இராஜகுமாரி உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் என்னவோ சொன்னார், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன்னிடம் அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகிறது என்று அழகமுத்து நினைத்தான். வழி வெட்டினால் ரெக்சின் கிழிந்துவிடும், பார்க்கவும் அசிங்கம் என்று சொன்னான். அது பொய். இரண்டு பட்டி வைத்து ஓரம் அடித்தால் முடிகிற வேலை. ஆனால் அந்தக் கார் தன் வாசலை விட்டுச் சீக்கிரம் போனால் போதும் என்றிருந்தது அவனுக்கு. பூட்டை அமுக்கி மேலே தைத்துத் தள்ளினான்.

"சேரிட்ட இதைப் பத்திக் கேட்டீங்களா?" என்று லாபிரிடம் கேட்டான்.

கேட்டார்களாம். தனக்குப் பெல்ட் தொந்தரவாக இருந்தது, தானே மறைக்கச் சொன்னேன் என்று தியாகராஜா சொன்னாராம்.

அந்த மனிதர் அவனைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். இந்தப் பெருந்தன்மை நெருப்பாக இருந்தது. தைத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வெள்ளைக்காரர் வேறு எதையோ கேட்டார். இராஜகுமாரிக்கு ஆஸ்பத்திரி டொக்டர் குறித்திருந்த நெஞ்சுக் கன்றல் எதில் பட்டு வந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பெல்ட் மாட்டவில்லை. டாஷ்போர்ட் அந்த உயரத்தில் இல்லை. கொஞ்ச நேரம் காருக்குள் உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஓட்டுநர் பக்கத்துக்கு மாறி உட்கார்ந்து, தன் இடது கையைப் பக்கத்து சீட்டுக்குக் குறுக்கே நீட்டினார்.

லாபிர் மொழிபெயர்க்கத் தயங்கினார். அழகமுத்துவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

"கையைப் போட்டிருக்காரு" என்றான்.

"ஓ. தடுக்கப் பாத்தீக்கிறார். அந்தக் கைதான் முறிஞ்சிருக்கு."

"அதனால இவளுக்கு ஏதாச்சும் பிரயோசனம் இருந்திச்சா?"

லாபிர் கேட்டுச் சொன்னார். ஒன்றுமில்லை. அந்த வேகத்தில் ஒரு ஆளின் பாரம் ஒரு மாட்டின் பாரமாகிவிடும், எந்த மனிதனின் கையாலும் அதைப் பிடிக்க முடியாது. கை பிடிக்காது என்று தெரிந்ததால்தான் பெல்ட் செய்தார்கள்.

பிரயோசனமில்லை என்று கேட்டதும் அழகமுத்துவுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. மறுகணம் அந்தச் சந்தோஷமே வெட்கமாகியது. வளவின் மூலையில் போய், மழையில் நின்றான்.

மார்கழியில் பேராதனையில் ஒரு படம் காட்டினார்கள். குழு ஊருக்குத் திரும்பப் போகிறது, உதவியவர்கள் வந்து பார்க்கலாம் என்று லாபிர் அழைப்பு அனுப்பியிருந்தார். இராஜகுமாரி கட்டைக் கழற்றி ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தாள். அழகமுத்து வாடகைக் கார் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். பொறியியல் மண்டபத்தில் தியாகராஜாவும் இருந்தார், கை கழுத்தில் கட்டிய தூளியில். பக்கத்தில் ஊரிலிருந்து வந்திருந்த அவர் மனைவி பரிமளம்.

வீதியில் நடந்ததைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றே நடத்திப் பார்க்கிற படம் அது. பாட்டில்லை, பேச்சில்லை. கயிறு இழுக்க ஒரு கார் ஓடிவந்து சுவரில் மோதும். உள்ளே மனிதப் பருமனில் இரண்டு பொம்மைகள். மோதுவதை மெல்ல மெல்ல ஓடவிட்டுக் காட்டினார்கள். பெல்ட் இல்லாத பொம்மை சீட்டிலிருந்து எழுந்து, யாரையோ வரவேற்கப் போவதுபோல முன்னால் போய், முகத்தைக் கண்ணாடியில் கொடுத்தது. முழங்கால் டாஷ்போர்டுக்குள் புதைந்தது. அடுத்த காரில் பெல்ட் மாட்டிய பொம்மை ஒரு தரம் குனிந்து நிமிர்ந்தது. அவ்வளவுதான்.

இராஜகுமாரி முதலாவதிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். அழகமுத்து ஒன்றையும் விடாமல் பார்த்தான். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பொம்மைகளையும் அவன் மனம் ஆணும் பெண்ணுமாக ஆக்கிக்கொண்டது. முட்டாள்தனம் என்று தெரிந்தே அதைச் செய்தது. மோதிய பிறகு இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தபோது அவன் பார்வையைத் திருப்பினான். திருப்பிய பக்கத்தில், அவளுடைய நெற்றித் தழும்பு, திரையின் வெளிச்சத்தில் பளபளத்தது.

முடிவில் வெள்ளைக்காரர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். முழங்காலை முறித்த இரும்புத் துண்டை மேலே ஏற்றி, அந்த இடத்தில் மெத்து வைக்கப் போகிறார்களாம். இனி வருகிற காரில் அது அப்படித்தான் இருக்கும். எல்லோரும் இராஜகுமாரியைப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வெளியே தேத்தண்ணியும் கேக்கும் வைத்திருந்தார்கள். பரிமளம் நேராக அழகமுத்துவிடம் வந்தார். ஒல்லியான, களைத்த முகமுள்ள பெண்.

"தம்பி, இந்தக் கைக் கதை உங்களுக்கும் சொல்லியிருப்பினம். இவற்ற பழக்கமே அது. பிள்ளையளோட போகேக்கையும் பிரேக் பிடிச்சா கை குறுக்க போயிடும். ஒருக்கா பக்கத்தில மரக்கறிக் கூடை இருந்தது. அதுக்கும் போட்டார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுவதும் சிரிப்பாக இல்லை என்பதை அழகமுத்துவால் காண முடிந்தது. இந்தப் பெண்ணும் சாவகச்சேரியில் இருந்துகொண்டு முன் சீட்டைப் பற்றித்தான் யோசித்திருக்கிறாள். யோசித்து, தனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு மரக்கறிக் கூடையைக் கண்டுபிடித்திருக்கிறாள். அவன் "ஆமாங்க அக்கா" என்று மட்டும் சொன்னான்.

வீடு வந்ததும் இராஜகுமாரி கதிரையில் சாய்ந்து காலை நீட்டினாள். மாலை வெயில் குசினி வாசலில் விழுந்திருந்தது. அவன் கடைக்குப் போகாமல் அவள் முன்னால் நின்றான்.

"அந்தப் பெல்ட்டு பூட்ட உள்ளுக்கு வச்சித் தச்சது நான்தான். அவரு வழி விடச் சொன்னாரு. நான்தான் முடியாதுன்னேன்."

"தெரியும்" என்றாள்.

"சேர் சொன்னாரா?"

"சேர் ஒண்ணும் சொல்லல. நீங்க முடியாதுன்னு சொல்லையில நான் பக்கத்துலதானே நின்னேன். தேத்தண்ணி குடுத்துக்கிட்டு."

தைக்க வந்த ஒரு பழைய சீட்டின் மேல் உட்கார்ந்தான். இத்தனை வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவளைக் கேள்வியால் குடைந்தான். ஒரே ஒரு தடவை அவள் அதைச் சொல்லியிருந்தால் போதும். அவன் வாய் அன்றோடு மூடியிருக்கும்.

"ஏன் சொல்லல?"

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "சொன்னா நீங்க கேக்குறத நிப்பாட்டுவீங்க. ஆனா நெனைக்கிறத நிப்பாட்ட மாட்டீங்க. அதுக்குப் பதிலா கேட்டுக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பிறகு அவளே சொன்னாள். அன்றைக்குக் காரில் அவர்கள் பேசிக்கொண்டு வந்தது ஹிதாயா டீச்சரின் உம்மாவைப் பற்றி. கடைசி நாட்களில் அந்தக் கிழவி யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்ததைப் பற்றி. சேர் தன் தாயை நினைத்துக் கண் கலங்கினார், அதனால்தான் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இதையும் அவன் முன்பே கேட்டிருந்தான், அவள் முன்பே சொல்லியிருந்தாள். இன்றுதான் அது காதில் ஏறியது. ஏறியும், கண் கலங்கிய அந்த மனிதரைப் பார்த்தாளே என்று எங்கோ ஒரு மூலையில் முள் தைக்கத்தான் செய்தது.

தை பிறந்து பள்ளிக்கூடம் திறந்தது. ரயில் படி ஏற முழங்கால் இன்னும் மடங்கவில்லை. தியாகராஜா வேறொரு பழைய கார் வாங்கியிருந்தார். அழகமுத்துதான் அதற்கும் உறை தைத்தான், பூட்டுகளுக்கு வழி விட்டு, ஓரம் அடித்து. கால் தேறும் வரை டீச்சரைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று அவர் அவனிடம் கேட்டார், அவளிடம் கேட்கவில்லை. சரிங்க சேர் என்றான்.

திங்கட்கிழமை காலை கார் வந்து நின்றது. இராஜகுமாரி ஊன்றுகோலைப் பின் சீட்டில் வைத்துவிட்டு முன் சீட்டில் ஏறினாள். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். அவரும் மாட்டினார். இருவரும் நல்ல வடிவாக, ஒரே மாதிரிப் பட்டியோடு அமர்ந்திருந்தார்கள். அழகமுத்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கடைப் பலகையை இழுத்துச் சாத்திப் பூட்டினான்.

"நானும் வாறேன். நாவலப்பிட்டில ரெக்சின் பாக்கணும்" என்று சொல்லிப் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டான்.

ரெக்சின் கண்டியில் கிடைக்காமல் நாவலப்பிட்டியில் கிடைப்பதில்லை. இராஜகுமாரி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரியாதபடிக்கு அவன் உட்கார்ந்திருந்தான். பேராதனைப் பாலம் தாண்டி, ஆற்றோரமாகக் கார் கம்பளை வீதியில் திரும்பியது. பனி இன்னும் ஆற்றின் மேல் கிடந்தது. முன்னால் இருவரும் ஏழாம் வகுப்புப் பாட நேரசூசி பற்றிப் பேசினார்கள். அவள் ஒரு தடவை "ஓம் சேர்" என்றாள். பின்னால் ஒருவன் இருக்கிறான் என்று நினைத்து, அடுத்த தடவை "ஆமாங்க சேர்" என்று மாற்றினாள். அந்த மாற்றம் அவனுக்குக் கேட்டது. வெற்றி மாதிரித்தான் இருக்கவேண்டும், ஆனால் இல்லை.

பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று தியாகராஜா அவனையும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கம்பனிக்காரர் போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனாராம். பின் சீட்டுக்கும் பெல்ட் வைக்கிற ஏற்பாடு அங்கே நடக்கிறதாம்.

"பின்னுக்கு இருக்கிறவருக்கு என்ன, முன்னால சீட் இருக்குத்தானே எண்டு கேட்டன்" என்றார். "அப்பிடி இல்லையாம். அவர் சும்மா இருந்தா, அடிபடேக்க முன்னுக்கு இருக்கிறவரின்ர முதுகிலதான் வந்து விழுவாராம். முன்னுக்கு இருக்கிறவர் பெல்ட் போட்டும் பிரயோசனம் இல்லையாம். நசுங்கிப் போவாராம்."

குத்திப் பேசுகிற குரல் இல்லை அது. பாடம் சொல்லிப் பழகிய மனிதர், தெரிந்ததைச் சொன்னார்.

அழகமுத்துவின் கை இரண்டும் முன் சீட்டின் முதுகைப் பிடித்திருந்தன. அவன் முழங்கால் அதன் பின்புறத்தில் இடித்துக்கொண்டிருந்தது. அதன் மறுபக்கம் அவள் முதுகு. ரெக்சின், பஞ்சு, தும்பு, கம்பிச் சுருள். அந்தச் சீட்டுக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அது ஒரு ஆளைத் தாங்காது. ஒரு மாட்டின் பாரத்தை எப்படித் தாங்கும்?

கெலிஓயா கடைத்தெருவில் ஒரு பஸ் ஆளிறக்கிக்கொண்டு நின்றது. தியாகராஜா வேகத்தைக் குறைத்தார்.

"சேர், இங்க கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றான் அழகமுத்து.

இராஜகுமாரி இப்போதுதான் திரும்பினாள். "ரெக்சின் பாக்கணும்னீங்க?"

"வேன்காரரு எட்டு மணிக்கி வாறேன்னு சொன்னாரு. மறந்துட்டேன்."

இறங்கிக் கதவை மெல்லச் சாத்தினான். அவள் பக்கத்துக் கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து அவள் பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் கிடக்கிறதா என்று பார்த்தான். போயிட்டு வா என்றான்.

கார் கம்பளைப் பக்கம் போய், வளைவில் மறைந்தது. மறைந்த பிறகும் அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். நெஞ்சு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு வீதியைக் குறுக்கே கடந்து, கண்டிக்குப் போகிற பஸ்ஸுக்காக, பேக்கரிப் பாண் பெட்டிகளோடு நின்றவர்களின் பின்னால் போய் நின்றான்.